செவ்வாய்க்கிழமை வராதவர்கள்

அடியே,

கைப்பையின் அடியில் வீட்டுச் சாவியைத் துழாவினால் உன் இயர்போன் வந்து விரலில் சுற்றிக்கொள்கிறது. சிக்கல் எடுத்து முகர்ந்து பார்த்தேன். வலது காதுப் பக்கம் இன்னும் உன் தைலத்தின் வாடை. மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது, இது மட்டும் போக மாட்டேன் என்கிறது. பிடிவாதத்தில் உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறது.

இன்று காலை எனக்கு வைவா. நம் படிப்பின் கடைசிப் பரீட்சை. மண்டபம் ஊரில் என் வீட்டு முன்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறேன். எங்கேயோ வடக்கே இருக்கும் பல்கலைக்கழகத்தில் இருந்து மூன்று பேர் திரையில் வருவார்கள். அதில் ஒருவர் நம் கைடு. அவர் போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டார், புராஜெக்டின் முதல் பக்கத்தில் உன் பெயர் இருக்கக் கூடாது என்று. படிப்பை முடிக்காமல் போனவரின் பெயர் இருந்தால் புராஜெக்டையே ஏற்க மாட்டார்களாம். அப்படி என்றால் எனக்கும் பட்டம் கிடையாது.

உன் பெயர் இருக்கிறது. என் பெயருக்கு மேலே இருக்கிறது. நான் எடுக்கவில்லை, எடுக்கவும் போவதில்லை. உள்ளே போவதற்கு முன்னால் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

எல்லாம் அந்த மீட்டிங்கில் ஆரம்பித்தது. தீவில் நம் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நீயும் நானும் நர்ஸ். நான் மூத்தவள், உனக்கு லாத்தா, எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்கா. உங்கள் தங்கச்சிமடத்து வேதக்காரக் கிறிஸ்தவ வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது. என் தங்கைகள் போனில் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டாய், பிறகு வார்டு முழுக்க எனக்கு அதுவே பெயராகிப் போனது. புதிதாக வந்திருந்த நிர்வாக அதிகாரி அன்றைக்கு எல்லாரையும் உட்கார வைத்து, சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டினார். கர்ப்பிணிகள் செக்கப்புக்கு வருகிற கணக்கு. வருஷம் முழுக்கத் தரையோடு தரையாகக் கிடந்த கோடு, கோடையில் மட்டும் விறுவிறுவென்று மேலே ஏறியிருந்தது. நாம் நடத்திய விழிப்புணர்வுப் பேரணியின் வெற்றி இது என்றார். கைதட்டச் சொன்னார். நானும்தான் தட்டினேன்.

நீ எழுந்து நின்றாய். "சார், அது பேரணி இல்ல சார். அது மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு, அதான் பொம்பளைக வாராங்க."

அவர் புரியாமல் பார்த்தார். நீ விடவில்லை. திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிற விசைப்படகு மறுநாள் காலையில் கரைக்கு வரும். நம் செக்கப் நாள் செவ்வாய்க்கிழமை. போட்டு வந்து மீனைத் தட்டுகிற நேரமும், நாம் டோக்கன் கொடுக்கிற நேரமும் ஒன்று. வயிற்றுப் பிள்ளையோடு அவர்கள் ஐஸ் தண்ணீரில் கையை விட்டு இறால் தலை கிள்ளிக்கொண்டிருக்கும்போது, நாம் இங்கே ரெஜிஸ்டரில் 'வராதவர்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். "அவுக வராதவுக இல்ல சார். நாமதான் வர முடியாத நாளாப் பாத்து வச்சிருக்கோம். கிழமைய மாத்துங்க சார், கோடு தன்னால ஏறும்," என்றாய்.

"சிஸ்டர், நீங்க பேஷண்டைப் பாருங்க. இது மேனேஜ்மெண்ட் விஷயம்," என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அவர். கூட்டமும் சிரித்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தங்கச்சிமடத்தில் இறங்க வேண்டியவள் இறங்காமல் என்னோடு பாம்பன் பாலத்தையே தாண்டி வந்தாய். மண்டபம் ஸ்டாப்பில் வைத்துத்தான் சொன்னாய். "மேனேஜ்மெண்ட் விஷயமாம்ல. சரி, அதையும் படிச்சுப்புட்டே வாரேன். நீங்களும் வாரீங்க லாத்தா."

எனக்கு எதற்குடி என்றேன். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாச்சு, இன்னும் கொஞ்ச நாளில் பேரன் பேத்தி என்று வரும், இந்த வயதில் இங்கிலீஷில் பரீட்சையா என்றேன். "வயசா? பென்ஷன் வாங்குற வரைக்கும் அந்தாளுக்குக் கைதட்டிக்கிட்டே இருக்கப் போறீங்களா?" என்று கேட்டாய். சுருக்கென்று தைத்தது. ஹெல்த் மேனேஜ்மெண்ட் அண்ட் லீடர்ஷிப், ஆன்லைன் முதுகலை. படிப்பின் பெயரைச் சரியாகச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

சவூதியில் இருந்து திரும்பி வந்திருந்த எங்கள் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "படிச்சு என்ன, மந்திரியாகப் போறியா?" நீதான் அவருக்குப் பதில் சொன்னாய். "ஆனா என்ன மச்சான், உங்களுக்குத்தானே பெருமை."

பஸ்தான் நமக்குக் காலேஜ். ஒரு இயர்போன், இரண்டு காது. வலது உனக்கு, இடது எனக்கு. பாடம் முடியாவிட்டால் நீ தங்கச்சிமடத்தில் இறங்காமல் என்னோடே வருவாய். பாலத்தில் ஏறினால் ஜன்னல் வழியாகக் காற்று அறையும், பாடம் பாதி காதில் விழும், பாதி கடலுக்குப் போகும். விட்டதை நீ தமிழில் சொல்லிக்கொடுப்பாய். புரொபசர் அரை மணி நேரம் இழுத்ததை ஒரு வரியில் முடிப்பாய். "ஒண்ணுமில்ல லாத்தா. கூட்டம் வரலைன்னா கூட்டத்தத் திட்டாத, கடையத் தெறந்த நேரத்தப் பாருன்னு சொல்றாரு. இதத்தான் நான் ஓசியிலே சொன்னேன்."

நம்மோடு படித்தவர்களில் பெங்களூரில் பெரிய டாக்டர் இருந்தார், துபாயில் ஆஸ்பத்திரியையே நடத்துகிறவர் இருந்தார். உங்களுக்குத் தெரிந்த ஒரு தலைவரைப் பற்றி எழுதுக என்று ஒரு அசைன்மெண்ட் வந்தது. எல்லாரும் கம்பெனி முதலாளிகளைப் பற்றியும் நாட்டை ஆண்டவர்களைப் பற்றியும் எழுதினார்கள். நான் நம் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரம்மாவைப் பற்றி எழுதினேன். நீ உன்னைப் பற்றியே எழுதி அனுப்பினாய். எனக்குத் தலை சுற்றிவிட்டது. என்னடி இப்படிச் செய்துவிட்டாய், ஃபெயிலாக்கிவிடுவார்களே என்றால், "எனக்குத் தெரிஞ்ச தலைவர் நான்தான் லாத்தா. வேற ஆரு இருக்கா இங்கன?" என்றாய். நல்ல மார்க்கே வந்தது. அதை எத்தனை பேரிடம் காட்டியிருப்பாய் என்று உனக்கே தெரியாது.

முதல் பரீட்சை ஞாபகம் இருக்கிறதா? உன் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தோம். நடுவிலே உன் போன் அக்கரை டவரைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லிப் பரீட்சையைப் பூட்டிவிட்டான். நம் கரையில் இது யாருக்குத்தான் நடக்காது, ஆனால் வடக்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படிப் புரியும்? நீ போனைப் போட்டு வெளுத்து வாங்கினாய். "சார், இலங்கைக்கு நான் போகல. இலங்கை டவரு என் வீட்டுக்கு வந்துருக்கு. நான் என்ன செய்யட்டும், வெரட்டவா?" மறுபடி எழுதவிட்டார்கள். அதிலிருந்து எல்லாப் பரீட்சையும் மண்டபத்தில் என் வீட்டில்தான். நீ வருவதாக இருந்தால் எங்கள் வீட்டுக்காரரே போய்க் கறி வாங்கி வந்துவிடுவார்.

புராஜெக்ட் என்று வந்தபோது நீ யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை கிளினிக். வெள்ளியன்று விசைப்படகு கரைக்கு வராது. பெண்கள் வீட்டில் இருப்பார்கள். செவ்வாய்க்கிழமை என்பது மேலே இருந்து வந்த உத்தரவு, அதில் கை வைக்க முடியாது, வெள்ளியைக் கூடுதலாகத் திறக்கலாம் என்றாய். நிர்வாக அதிகாரி ஆள் இல்லை என்று கையை விரித்தார். டாக்டரம்மாவிடம் போய் நின்றோம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்க ஆஃப் நாள்ல நீங்க என்ன செய்யறீங்கன்னு எனக்குத் தெரியாது. ரூம் சாவி அங்கதான் தொங்குது," என்றார்.

இரண்டு பேருமே வெள்ளிக்கிழமை ஆஃப் வாங்கிக்கொண்டோம். ஜும்மா முடிந்து வருகிறவருக்குச் சுடச்சுடச் சோறு போட ஆளில்லை என்று எங்கள் வீட்டில் முகத்தைத் தூக்கினார்கள், தூக்கட்டும் என்று விட்டேன். முதல் வெள்ளி நாலைந்து பேர்தான் வந்தார்கள். அடுத்தடுத்த வெள்ளிகளில் பெஞ்சு போதாமல் வராந்தாவில் பாய் விரித்தோம். நான் வராதவர் என்று சிவப்பு மையில் எழுதிவைத்த பெயர்களெல்லாம் ஆளாக வந்து வரிசையில் உட்கார்ந்து கதை பேசின. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்தப் பார்வைக்கே உன்னை ஒரு அடி போட்டிருக்க வேண்டும்.

இப்போது அடுத்ததை எழுத வேண்டும். எழுதினால் ஆத்திரம்தான் வருகிறது.

உனக்கு எப்போதும் தலைவலி. நெற்றியிலும் காதோரமும் தைலத்தைப் பூசிக்கொண்டு, "இது கூடப் பொறந்தது லாத்தா," என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போவாய். ஊரில் இருக்கிற வயிற்றுப்பிள்ளைக்காரி எல்லாருக்கும் கையைப் பிடித்துப் பட்டை கட்டி பி.பி. பார்த்தவளே, உன் கையில் ஒரு தடவை கட்டிக்கொள்ள உனக்கு என்னடி கேடு? அந்த ஐப்பசி மழையில், உன்னை மாற்றிவிட வேண்டியவள் வரவில்லை என்று உன் டியூட்டியோடு அவள் டியூட்டியையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போனாய். பஸ் ஸ்டாண்டில் விழுந்தாய். மதுரைக்குக் கொண்டு போகும் வழியில், பரமக்குடி தாண்டியதும் முடிந்துபோனது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கடுமையான பி.பி. இருந்திருக்கிறது, ரொம்ப நாளாகவே.

உன் வீட்டு வாசலில் என்ன பேசினார்கள் தெரியுமா? "படிப்பு படிப்புன்னு தலையப் போட்டு ஒடச்சுக்கிட்டா, அதான் தலை வெடிச்சுப் போச்சு. பொம்பளைக்கு இந்த வயசுல எதுக்கு?" ஒருத்தி சொல்ல, நாலு பேர் ஆமாம் போட்டார்கள். சாவு விழுந்த மவுத்து வீட்டில் சத்தம் போடக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அன்றைக்குப் போட்டேன். "படிப்பு அவளக் கொல்லல. ஒருத்தி ரெண்டு ஆளு வேலையப் பாத்தா, அது கொன்னுச்சு. தெரியாமப் பேசாதீங்க," என்றேன். உன் வீட்டுக்காரர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நான் தனியாகக் கிளினிக்கைத் திறந்தேன். உன் வீட்டுக்காரர் வந்தார். போட்டு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், நகத்தில் கிரீஸோடு வந்து நின்றார். ஒரு டப்பாவை மேசையில் வைத்தார். நீ வீட்டுக்கு என்று வாங்கி வைத்திருந்த பி.பி. மெஷின். "எனக்கு பி.பி. பாத்துவிடுவா, எங்காத்தாளுக்குப் பாத்துவிடுவா. அவ ஒரு நாளும் பாத்துக்கல. வீட்டுல வச்சுருந்தா கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு. நீங்க வச்சுக்கங்க லாத்தா." அவரும் என்னை லாத்தா என்றுதான் கூப்பிட்டார். பேஷண்டுகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இனி என்ன படிப்பு என்று எல்லாரும் கேட்டார்கள். விட்டுவிட்டால் வாசலில் பேசியவர்கள் பேசியதுதான் சரி என்று ஆகிவிடும். கைடு வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாட்டேன் என்றேன். அப்படியானால் பெயரை எடுங்கள் என்றார். அதற்கும் மாட்டேன் என்றேன். இவ்வளவு மாட்டேன் நான் என் ஆயுளில் சொன்னதில்லை.

நேரமாகிவிட்டது. உன் இயர்போனைத்தான் மாட்டிக்கொண்டு உட்காரப் போகிறேன். முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

*

நேற்று எழுத முடியவில்லை. வைவா முடிந்த கையோடு மதிய டியூட்டிக்கு ஓட வேண்டியிருந்தது. சரி, கேள்.

கதவைச் சாத்தியதும் எங்கள் வீட்டுக்காரர் வெளியே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்தான் என்று அவனோடு சண்டைக்குப் போனது எனக்கு உள்ளே வரைக்கும் கேட்டது. இரண்டு காதிலும் உன் இயர்போன். தைல வாடை அடித்துக்கொண்டே இருந்தது.

என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். உடைந்துதான் வந்தது, ஆனால் வந்தது. தடைக்காலத்துக் கோட்டைக் காட்டினேன். வெள்ளிக்கிழமைக் கோட்டைப் பக்கத்திலேயே வைத்தேன். கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிற இடம் என்று நினைத்திருந்த அந்த மூன்று பேரும், போட்டு எந்தக் கிழமை போகும், எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு நடுவில் இருந்த அம்மா முதல் பக்கத்துக்கு வந்தார். இந்தப் பெயர் ஏன் இன்னும் இருக்கிறது, இறந்துபோனவருக்கு நாங்கள் மதிப்பெண் கொடுக்க முடியாதே என்றார்.

"மார்க் கேட்கவில்லை மேடம். பெயர் மட்டும்தான்," என்றேன்.

நன்றி சொல்கிற பக்கத்தில் ஒரு வரி போட்டுக்கொள்ளுங்களேன் என்றார் கைடு, தேன் தடவிய குரலில். அந்தப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரருக்கு இடம் கொடுத்துவிட்டேன் சார் என்றேன். ஓரத்தில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"இந்த யோசனை அவளுடையது. முதல் நாள் எழுந்து நின்று சொன்னவள் அவள், நான் அன்றைக்குக் கைதட்டிக்கொண்டிருந்தேன். அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை மட்டும் போட்டால் அது திருட்டு. முதல் செமஸ்டரில் நீங்கள்தானே எங்களுக்கு அதைப் பாடமாக வைத்தீர்கள்? அடுத்தவர் யோசனையைத் தன்னுடையது என்று காட்டினால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று கையெழுத்துகூட வாங்கினீர்கள். நான் போட்ட கையெழுத்துப்படிதான் நடக்கிறேன்."

மூன்று பேரும் மைக்கை அணைத்துவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கமிட்டியில் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும், அதுவரை ரிசல்ட் நிறுத்தி வைக்கப்படும் என்றார் அந்த அம்மா. பிறகு, அவர்கள் வைத்த கேள்வித்தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டார். "அவர் எப்படிப்பட்ட ஆள்?"

தலைவரைப் பற்றி அவள் எழுதிய அசைன்மெண்ட் உங்களிடமே இருக்கும், தேடிப் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கமிட்டி என்ன சொல்லும் என்று தெரியாது. பட்டம் வந்தால் இன்ஷா அல்லாஹ் சந்தோஷம். வராவிட்டால் அதை மாட்டுவதற்கு நான் சுவரில் ஆணி ஒன்றும் அடித்து வைக்கவில்லை. நாம் படித்ததை எந்தக் கமிட்டியும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அது நேற்று மதியமே தெரிந்துவிட்டது.

உன் மெஷினுக்கு நான் வைத்திருக்கிற வேலையை உனக்குச் சொல்லவில்லையே. டியூட்டி மாறும்போது, போகிறவளும் வருகிறவளும் முதலில் என்னிடம் கையை நீட்ட வேண்டும். பட்டை கட்டிப் பார்த்த பிறகுதான் வார்டுக் கணக்கை ஒப்படைக்கிற பேச்சு. முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது நான் சொல்லாமலே கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நேற்று நான் போய்ச் சேர்ந்தபோது, காலை டியூட்டி பார்த்த புதுப் பெண் ஒருத்தி மதியத்துக்கும் இருக்கச் சொன்னதால் நின்றுகொண்டிருந்தாள். மாற்றிவிட வேண்டியவள் வரவில்லையாம். நெற்றியைப் பிடித்துக்கொண்டு, லேசாத் தலைவலி லாத்தா, வேற ஒண்ணுமில்ல என்றாள். உட்கார வைத்துப் பார்த்தால் பி.பி. எகிறிக் கிடக்கிறது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாத்திரை எழுதிக் கொடுத்து, இவள் வீட்டுக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து நிர்வாக அதிகாரி வந்தார். அதே மனுஷன், அதே சிரிப்பு. "என்ன சிஸ்டர், ஸ்டாஃபுக்கு பி.பி. பாக்குறதுக்கு சர்க்குலர் ஏதாவது வந்துருக்கா? இந்தப் பொண்ணு போயிட்டா வார்டை யார் பாக்குறது?"

நான் எழுந்து நின்றேன். அன்றைக்கு மீட்டிங்கில் நீ நின்றாயே, அதே மாதிரி.

"வார்டுக்கு ஆள் ஏற்பாடு பண்றது மேனேஜ்மெண்ட் விஷயம் சார்," என்றேன். "எங்களுக்குத் தெரியும். ரெண்டு பேரும் படிச்சிருக்கோம்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் என் பக்கத்தில் இன்னொருத்தி நிற்கிறாளா என்று பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து போனை எடுத்து, டியூட்டிக்கு வேறு ஆள் தேட ஆரம்பித்தார்.

அந்தப் பெண்ணை நானே கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. உன் மெஷினும் இயர்போனும் பையில் இருக்கின்றன. பெண்கள் வரத் தொடங்கியிருப்பார்கள், நான் போய்க் கிளினிக்கைத் திறக்கிறேன்.